போர்வைகள் மாரிக்கு முன்னர் வந்து சேரட்டும்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சேலைகளையும் வெட்டுத்துணிகளையும் அடுக்கிக் கையால் தைத்த போர்வைகளை இலங்கையின் வடக்கே வன்னியில் எங்கள் பகுதியிலுள்ள வறிய குடும்பங்களுக்கும் தனித்து வாழும் முதியவர்களுக்கும் சிலர் அன்பளிப்புச் செய்து வருகின்றனர். அவர்களுடைய உழைப்பை நாங்கள் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறோம். எனினும் அவற்றிற் பல மாரியும் பனியும் ஓய்ந்து மாசி பிறந்த பின்னரே வந்து சேர்வதையும், சில இங்குள்ள வாழ்க்கைக்குப் பொருந்தாத வகையில் தைக்கப்பட்டிருப்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வெக்கை பூமியான வன்னியில் போர்வைக்கு என்ன தேவை என்று வெளியூரவர் கேட்பதுண்டு. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து மடிந்ததை அவர்கள் மறந்திருக்கலாம். பட்டி வைத்திருந்தவர்கள் மறக்கவில்லை. யன்னலுக்குக் கதவு போட வசதியின்றி உரப்பையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வீடுகளில், சீமெந்து நிலத்தில் ஒற்றைப் பாயை விரித்துப் படுக்கும் கிழவிக்கு விடியப்புறக் குளிர் எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018 மார்கழி வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாடசாலைகளில் தஞ்சமடைந்த குடும்பங்களுக்கு உலர்ந்த துணி ஒன்று கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

ஆகவே, போர்வை கனமாக இருப்பதைவிட விரைவில் உலர்வதே முக்கியம். செயற்கைப் பஞ்சு திணித்த போர்வை பார்வைக்கு அழகாக இருக்கும்; அடைமழைக் காலத்தில் ஒருமுறை நனைந்துவிட்டால் நாட்கணக்கில் காயாது, பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும். குப்பி விளக்கோ அடுப்போ அருகிலிருக்கும் சிறு குடிசையில் அதனால் தீ ஆபத்தும் உண்டு. நூற்சேலையே இதற்கு உகந்தது. ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளமான சேலையொன்றை நான்காக வெட்டி, இரண்டிரண்டாக இணைத்தால், ஒருவர் போர்த்துக்கொள்ளும் அளவில் இரண்டு அடுக்குகள் கிடைக்கும். இரண்டு சேலைகளில் நான்கு அடுக்குப் போர்வை ஒன்று முடிந்துவிடும். நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் எத்தனை முறை துவைத்தாலும் அடுக்குகள் ஒருபக்கம் திரளாது.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போருக்குத் தைப்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். உடலின் கீழ்ப்பகுதியில் உணர்வற்ற அவர்களுக்கு, உடலுக்கு அடியில் அகப்படும் தடித்த மூட்டுத்தையலோ ஒரு பொத்தானோ அழுத்துவது தெரியாது. தெரியவரும்போது படுக்கைப் புண் உண்டாகியிருக்கும். எனவே அவர்களுக்கான போர்வை மெல்லியதாகவும் அலங்கார ஒட்டுகள் அற்றதாகவும் இருக்கட்டும். அதை விரிப்பாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

வழங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதம விருந்தினருக்காகப் பொதுநோக்கு மண்டபத்தில் காலை முதல் காத்திருந்து, பிற்பகலில் ஒரு போர்வையை நெஞ்சோடு பிடித்தபடி படமெடுக்க நின்ற முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். கொடுப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம்; அதற்குக் கையொப்பப் பட்டியல் ஒன்று போதும். கிராம அலுவலரிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கேட்டால், நிவாரணப் பட்டியலில் பெயரில்லாத, ஆனால் உண்மையில் தேவையுள்ள வீடுகளையும் காட்டுவார்கள். அங்கே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

தைத்த போர்வைகளைத் தூரத்திலிருந்து அனுப்புவதைவிட, துணியையும் தையற் கூலியையும் இங்கே அனுப்புவது இன்னும் நல்லது என்பது என் கருத்து. மீள்குடியேற்றத்தின் பின்னர் தையற் பயிற்சியும் இயந்திரமும் பெற்ற பெண்கள், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள், எங்கள் ஊர்களில் பலர் உள்ளனர். அவர்களிற் சிலரது இயந்திரங்கள் வேலையின்றிச் சும்மா கிடக்கின்றன. போர்வை பெறுபவருக்கும் தைப்பவருக்கும் ஒரே உதவி பயன்படுமென்றால் அதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆவணியில் துணி கிடைத்தால் ஐப்பசி மழை தொடங்குமுன் தைத்துக் கொடுத்துவிடலாம். அனுப்புவோர் சேலைகளைத் துவைத்து, குத்தியிருக்கும் ஊசிகளை அகற்றி, உடலில் உரசும் சரிகைக் கரையையும் வெட்டியெடுத்து அனுப்பினால் எங்கள் வேலை பெருமளவு குறையும்.

இங்ஙனம்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.