எது அதிகம் உதைக்கும்?

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். இரண்டு ரைஃபிள்களைப் பார்த்து வைத்திருக்கிறாய். ஒன்று .338 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவுக்கானது, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோ. இன்னொன்று 9.3×62 தோட்டாவுக்கானது, ஸ்கோப்போடு 4.2 கிலோ. "எதும்மா அதிகம் உதைக்கும்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய், சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பதைத்தான் சொல்கிறாய். இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் உன்னை ஏமாற்றியதாக ஆகிவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் கணக்கு. இதை நீயே போட்டுப் பார்க்கலாம், எடை எல்லாம் கிலோவில், வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வை. குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கு. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தின் எடையை, குழல் வாயிலிருந்து பீறிடும் வாயுவின் வேகத்தால் பெருக்கு. வாயுவுக்கு விநாடிக்கு 1200 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் கூட்டித் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், அது எந்த வேகத்தில் உன்னை நோக்கி வருகிறது என்று தெரியும். அந்த வேகத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கியின் எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் உதையின் ஆற்றல். .338-இல் 16.2 கிராம் குண்டு, 810 மீட்டர் வேகம், நாலரை கிராம் மருந்து. விடை சுமார் 49 ஜூல். 9.3×62-இல் 18.5 கிராம் குண்டு, 720 மீட்டர் வேகம், மருந்து 3.8 கிராம். சுமார் 38 ஜூல். நீ இத்தனை நாள் சுட்டுப் பழகிய .30-06, 3.6 கிலோ எடையில், 11.7 கிராம் குண்டுக்குச் சுமார் 27 ஜூல்.

9.3-இன் குண்டுதான் கனமானது. ஆனாலும் அதன் உதை குறைவாக வருகிறது. தோட்டாக்கள் இரண்டுக்கும் உந்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்த எழுநூறு கிராமில் இருக்கிறது. அதே .338-ஐ 4.2 கிலோ துப்பாக்கியில் போட்டால் 41 ஜூலுக்கு இறங்கிவிடும். எல்லோரும் தோட்டாவின் பெயரைச் சொல்லியே பயமுறுத்துவார்கள், தராசைக் கேட்க மாட்டார்கள். நீ தராசைக் கேள். மலை ஏறும்போது தோளில் அந்த எடை கனக்கும், உண்மைதான். நாள் முழுக்கச் சுமந்து நடப்பவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் உன் இடத்தில் நான் இருந்தால் அதைச் சுமக்கவே செய்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் முதல்முதலில் வாங்கியதும் ஒரு 9.3×62 தான். 1905-இல் பெர்லினில் ஓட்டோ போக் வடிவமைத்த தோட்டா, நூறு ஆண்டு தாண்டியும் வேட்டைக்காரர்கள் கைவிடாதது. தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கிய துப்பாக்கிதான் எனக்குப் பொருந்தாதது. மூன்று கிலோவைச் சற்றே தாண்டும். தோளில் பதியும் பின்கட்டை குறுகலாக இருக்கும், அதன் முனையில் இரும்புத் தகடு, ரப்பர் கிடையாது. கன்னம் பதியும் இடம் தோள் பக்கமாகச் சரிந்து கீழே போயிருக்கும். பெண்ணுக்கு இது தாங்காது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பில் முதல் நாளே சுடுதளத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இருபது தோட்டா சுட்டேன். தோளில் பட்ட நீலம் ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. ஆனால் விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்வது இரண்டு வருடம் மறையவில்லை.

அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு நாள் எண்பது மீட்டரில் ஒரு கலைமான் பக்கவாட்டில் நின்றது. அதைவிடச் சுலபமான குறி கிடைக்காது. நான் சுட்ட குண்டு தாழ்ந்து வயிற்றில் பாய்ந்தது. இருட்டும்வரை ரத்தத் தடம் பிடித்துப் போனேன். மறுநாள் காலையில்தான் அதைக் கண்டேன். அந்த இரவு முழுக்க அது எங்கோ துடித்துக்கொண்டு கிடந்தது என்பது இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. உனக்கு இதை இதுவரை சொன்னதில்லை. துப்பாக்கி வாங்கப் போகிறாய் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம்தான் என்ன நடந்தது என்று யோசித்தேன். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒன்றரை மில்லி விநாடி அளவு. அது வெளியேறும்போது துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான். தோளில் நாம் உணரும் உதை பெரும்பாலும் குண்டு போன பிறகு வருவது. அப்படியானால் என் குறியைக் கெடுத்தது உதை இல்லை. அது வரப்போகிறது என்று தெரிந்து நான் முன்கூட்டியே தோளை முன்னால் தள்ளி, கையை இறுக்கி, கண்ணை மூடியதுதான். அதனால் "எது அதிகம் உதைக்கும்" என்பதைவிட "எதற்கு நான் மிரளாமல் இருப்பேன்" என்று கேட்டுக்கொள்.

அதற்குப் பின்கட்டையைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் கட்டைகள் பெரும்பாலும் சராசரி ஆணின் கைக்கு அளந்தவை. விசையிலிருந்து கட்டையின் முனைவரை 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். உன் கை என் கையைப் போலக் குட்டை. நீளம் கூடினால் கட்டை காறை எலும்புக்குக் கீழே உள்ள குழியில் உட்காராமல் கை மூட்டுக்கு நழுவிவிடும், அங்கே உதை வாங்கினால் வலி வேறு மாதிரி. நீளம் குறைந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். நமக்கு இன்னொன்றும் உண்டு. கட்டையின் கீழ் முனை மார்பில் குத்தும். ஆண்கள் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள், அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. முனையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும். துப்பாக்கி வேலை தெரிந்தவருக்கு அது சின்ன வேலை.

முனை அகலமாக, நல்ல மென்மையான ரப்பரோடு இருக்கட்டும். அதே ஆற்றல் அதிகப் பரப்பில், சற்று அதிக நேரத்தில் பரவும்போது குத்து தள்ளலாக மாறிவிடும். கன்னம் பதியும் விளிம்பு குழல் வாயை நோக்கித் தாழ்ந்து போனால் இன்னும் நல்லது. துப்பாக்கி பின்னால் வரும்போது அது கன்னத்தைவிட்டு விலகிப் போகும். மேடாக வந்தால் கன்ன எலும்பில் அறையும். வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உனக்கானது இல்லை.

ஸ்கோப் விஷயத்தில் கண்டிப்பாக இரு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் குறைந்தது ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி தருவதாகப் பார்த்து வாங்கு. மேட்டை நோக்கிச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் முகம் தானாக முன்னால் போய்விடும். புருவம் கிழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தமும் உதைதான் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். பெரிய ரைஃபிளின் வாய்ச் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140-லேயே காது கெடும். குழல் வாயில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் போட்டால் தோளுக்கு நிம்மதி, ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி உன் காதுக்கும் அருகில் நிற்பவர் காதுக்கும் வரும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. உன் ஊர்ச் சட்டம் அனுமதித்தால் சத்தத்தை அடக்கும் சப்ரசர் போடு, உதையும் குறையும் சத்தமும் குறையும். எப்படியானாலும் சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து உதையை மதிப்பிடாதே. நான் செய்த பெரிய தவறு அதுதான். பெஞ்சில் உடம்பு முன்னால் சாய்ந்து பூட்டிக் கிடக்கும், பின்னால் போக வழி இல்லை, எல்லாம் தோளே வாங்க வேண்டும். நின்று சுட்டால் இடுப்பும் முதுகும் சேர்ந்து அசைந்து கொடுக்கும். அதே தோட்டா, அதே துப்பாக்கி, ஆனால் பாதி உதை என்று தோன்றும். குறி சரிசெய்ய பெஞ்சு வேண்டும்தான். அப்போது தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சிறு மணல் பையை வைத்துக்கொள். ஐந்தாறு தோட்டாவோடு எழுந்துவிடு.

வாங்குவதற்கு முன் அந்த 4.2 கிலோ துப்பாக்கியை யாரிடமாவது இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்க முடியுமா? முடிந்தால் இப்படிச் செய். நின்றபடி எட்டுத் தோட்டா. கூட வருபவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நீ பார்க்காதபோது நடுவே இரண்டு டம்மி தோட்டாவைக் கலந்து நிரப்பித் தரச் சொல். டம்மி வரும்போது வெடிக்காது, அப்போது குழல் முனை என்ன செய்கிறது என்று அவர் பார்க்கட்டும். அசையாமல் நின்றால் அந்தத் துப்பாக்கி உன்னுடையது. கீழே குத்தினால் உன் .30-06-ஐயே இன்னும் ஒரு பருவம் வைத்துக்கொள். அதுவும் பெரிய மானை வீழ்த்தும், நீ குறியை வைத்த இடத்தில் குண்டு போனால்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கை அளவும் எடுத்து எழுது. டம்மி வந்தபோது குழல் முனை அசைந்ததா இல்லையா என்பதை மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா