ஆரஞ்சு வெஸ்ட் பார்சலில் வருகிறது

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனி, ஞாயிறு லீவு கிடைக்கும், பாரபூ பக்கம் விஸ்கான்சின் ஆற்று மணல்திட்டுகளில் பெருங்கொக்குகள் இறங்குவதைப் படமெடுக்கப் போகிறேன் என்றாய். கொக்குகளுக்கு அது சரியான காலம்தான். குளிர் முற்றி ஆறு உறையத் தொடங்கும் வரை அங்கே தங்கிவிட்டுத்தான் தெற்கே கிளம்பும். ஆனால் நீ சொன்ன அதே சனிக்கிழமைதான் உங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை ஆரம்பிக்கிறது. ஒன்பது நாள் நடக்கும். நீ மேடிசனுக்குப் போனதே இந்தக் கோடையில்தான், அந்தத் திருவிழாவை இன்னும் பார்க்கவில்லை. ஊரே லீவு போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகும். இருட்டு பிரியும் முன்பே காட்டுப் பாதைகளின் வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. (அப்பா அதைத்தான் எழுதச் சொன்னார்.) நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நானும் இந்தப் பென்சில்வேனியா காடுகளில் நவம்பர், டிசம்பரில் கேமராவோடு அலைகிறவள்தானே. எப்படிப் போக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

செப்டம்பரில் நீ அனுப்பிய போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாணல் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாய். காய்ந்த புல் நிறத்தில் ஜாக்கெட், தலையில் வெள்ளைக் குல்லா, மடியில் அந்தப் பெரிய வெள்ளை லென்ஸ். பறவைக்குத் தெரியாமல் இருக்க நல்ல ஏற்பாடு. நவம்பரில் அதே கோலத்தில் உட்கார்ந்தால், நூறு கஜம் தள்ளி இருந்து அரை இருட்டில் பார்க்கிறவர் கண்ணுக்குப் பழுப்பாக ஒரு உடம்பும் அதில் வெள்ளையாக அசையும் ஏதோ ஒன்றும்தான் தெரியும். அங்கே இருப்பது வெள்ளைவால் மான். மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்பக்கம் பளீரென்று வெள்ளையாக இருக்கும். வேட்டைக்குப் போகிறவரின் கண் மரங்களுக்கு நடுவே தேடுவது அதைத்தான்.

1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்து ஹெர்மன் என்ற ஊரில், இரட்டைக் கைக்குழந்தைகளின் தாய் ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்புறம் நின்றிருந்தபோது வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்குப் பலியானாள். மான் என்று நினைத்துச் சுட்டேன் என்றார் அவர். வழக்கு நடந்து விடுதலையும் ஆகிவிட்டார். அவள் கையில் வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள் என்பதுதான் நாடு முழுக்கப் பேச்சானது. கையுறை போட்டது அவள் குற்றமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து நவம்பரில் வெள்ளை எதையும் நான் வெளியே எடுத்துப் போவதில்லை, மூக்கு துடைக்கும் காகிதம் உட்பட. உன் குல்லாவை வீட்டில் வை. லென்ஸை மாற்ற முடியாது, அதன்மேல் ஆரஞ்சுத் துணி டேப்பை நாலு சுற்று சுற்று.

அடுத்து வெஸ்ட், அதாவது ஜாக்கெட்டுக்கு மேல் போடும் கையில்லாத மேலுடுப்பு. விஸ்கான்சினில் 1980 முதல் துப்பாக்கி மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு போட்டாக வேண்டும். இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடுப்பில் பாதியாவது அந்த நிறமாக இருக்க வேண்டும். 2016 முதல் அதே மாதிரி பளிச்சிடும் பிங்க்கும் செல்லும். அதற்கு முன்பெல்லாம் சிவப்புதான். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துப் போய்ப் பழுப்பாகத் தெரியும், படமெடுக்கிற உனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டம் வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும்தான், உன்னை யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே எங்கள் ஸ்டேட் கேம் லேண்ட்ஸில் (மாநில அரசின் வேட்டை நிலங்களில்) நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை சும்மா நடக்கப் போகிறவர்களும் ஆரஞ்சு போட வேண்டும். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம், இல்லையென்றால் ஒரு தொப்பியாவது. நீ அங்கேயும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள். முன்னால் மட்டும் தெரிந்தால் போதாது. முதுகில் கேமரா பையை மாட்டியதும் வெஸ்ட் மறைந்துவிடும், பைக்கு மேலேயும் ஒரு ஆரஞ்சு உறை வேண்டும்.

"இவ்வளவு பளிச்சென்று போனால் எது நிற்கும்?" என்று நீ கேட்பாய். மான் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகைதான். ஆரஞ்சும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. நீலமும் புற ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். அதனால் வெஸ்ட்டை, 'துணி பளபளக்கும்' என்று விற்கும் சோப்பில் மட்டும் துவைக்காதே. அதில் கலக்கும் பொருள் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும், மான் கண்ணுக்கு அது விளக்கு ஏற்றியது போல. பறவைகள் சங்கதி வேறு. அவற்றுக்கு நம்மைவிட நிறம் அதிகம் தெரியும். ஆனாலும் என் அனுபவத்தில் பறவை பயப்படுவது நிறத்துக்கு அல்ல, அசைவுக்கு. ஆரஞ்சுத் தொப்பியோடு ஆடாமல் உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் மரங்கொத்தியை எடுத்திருக்கிறேன். மறைப்புக் கூடாரம் போடுவதாக இருந்தால் நாலு பக்கமும் கூரையிலும் ஆரஞ்சுத் துணி கட்டு. உள்ளே இருக்கும் உன் வெஸ்ட் வெளியே யாருக்கும் தெரியாது.

நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. மானைச் சுட அனுமதி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து, அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது நிமிடம் வரை. நீ உயிரை விடுகிற அந்தப் பொன் வெளிச்சம் முழுக்க அதற்குள் அடக்கம். இருட்டில் நடக்க வேண்டியிருந்தால் ஹெட்லேம்பை அணைக்காதே, போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போ, உன் பாட்டைக் கேட்டு மான்தான் ஓடும். மேட்டு உச்சியில் வானத்தைப் பின்னால் வைத்து நிற்காதே. ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும், பின்னால் மண் சரிவு இருந்தால்தான் அது நிற்கும். தோளில் டிரைபாடும் லென்ஸுமாக நீ வருவது தூரத்திலிருந்து துப்பாக்கி மாதிரி இருக்கும், யாராவது தனியார் நிலத்துக்காரர் பார்த்தால் வேறு தலைவலி.

நான் சந்தித்த வேட்டைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் பொறுப்பானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாநிலத்தில் 1973-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் லைசென்ஸ் வாங்க முடியும். இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரியாமல் சுடக் கூடாது என்பது அங்கே முக்கியமான பாடம். யாராவது ஒருவர் அந்தப் பாடத்தை மறக்கும் ஒரு நொடிக்காகத்தான் உனக்கு வெஸ்ட். யாரையாவது பார்த்தால் கை அசைக்காதே, "ஹலோ" என்று சத்தமாகக் கூப்பிடு. மரத்தில் பரண் கட்டியிருந்தால் அந்தப் பக்கம் சுற்றாமல் விலகிப் போய்விடு. அவரும் உன்னைப் போல மாதக்கணக்கில் காத்திருந்தவர்.

அவர்களைப் படமெடுப்பது பற்றிக் கேட்டாயே. உங்கள் ஊரில் 2016-இல் வேட்டைக்காரரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு திரும்பத் திரும்பப் படமெடுப்பதையும் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். 2023-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. உரிமை இருக்கிறது, சரி. கையில் ரைஃபிள் வைத்திருப்பவரிடம் உரிமையைப் பேச நான் உன்னை அனுப்பமாட்டேன். கேட்டுவிட்டு எடு.

ஒன்பது நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே. மறு திங்களே குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் அடைக்கும் துப்பாக்கிக்காரர்கள் பத்து நாள் வருவார்கள், அதன் பிறகு கொம்பில்லாத மானுக்கு நாலு நாள். வில் வேட்டை செப்டம்பரிலேயே தொடங்கி ஜனவரி வரை ஓடும். துப்பாக்கி சீசன் இல்லாத நாட்களில் அவர்கள் இலை நிறத்தில் உடுத்திக்கொண்டு மரத்தின்மேல் இருப்பார்கள், உன் கண்ணுக்கே தெரியாது. ஸ்டேட் பார்க் என்றால் பயமில்லை என்றும் எண்ணாதே. டெவில்ஸ் லேக் போன்ற பார்க்குகளிலும் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை சில பகுதிகளில் வேட்டை உண்டு. எந்தப் பகுதி என்று மாநில இயற்கை வளத் துறையின் வரைபடத்தில் போட்டிருப்பார்கள். இங்கே பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை இருந்தது, அந்த நாள் எங்களுடையதாக இருந்தது. 2020-இல் சில ஞாயிறுகள் போயின, 2025-இல் தடையையே எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் ஞாயிறுக்கும் விலக்கில்லை.

என்னைக் கேட்டால் கொக்குகளை நவம்பர் முதல் வாரமே எடுத்துவிடு. வில்காரர்கள் மட்டும்தான் அப்போது மானுக்காக இருப்பார்கள். துப்பாக்கி வாரத்தில் கை அரித்தால் ஹோரிகான் சதுப்பில் காரோட்டிச் சுற்றும் பாதை இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். கார்க் கண்ணாடியை இறக்கி உள்ளேயிருந்தே எடுக்கலாம். காரைவிட நல்ல மறைப்பு எது? ஹீட்டர் வேறு.

வசந்தத்தில் வான்கோழி சீசன் வரும்போது இதெல்லாம் தலைகீழ், அப்போது தனியாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் காட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் போடக் கூடாது. ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்கள்தான். படம் பிடிக்கிறேன் என்று அதன் குரலையும் ஊதாதே.

வெஸ்ட் எக்ஸ்எல் அளவில் வாங்கினேன், உன் தடி ஜாக்கெட்டுக்கு மேலே ஏற வேண்டுமே. தொப்பியும் டேப்பும் அதே பார்சலில். முறுக்கும் வைத்திருக்கிறேன், அடியில். கிளம்புகிற அன்று எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் காருக்குத் திரும்புவாய் என்று எனக்கு மெசேஜ் போடு. இருட்டின பிறகும் பதில் வரவில்லையென்றால் நான் உன் அறை நண்பனைக் கூப்பிடுவேன், அவனுடைய நம்பரையும் அனுப்பி வை.

அம்மா