ஆயாம்மாவைப் பார்த்து முடிவு செய்

அன்புள்ள கயல்,

நிலனைச் சேர்க்க நீ அனுப்பிய நான்கு மழலையர் பள்ளிகளின் விவரமும் படித்தேன். கட்டணம், பாடத்திட்டம், ஸ்மார்ட் கிளாஸ், ஏசி எல்லாம் இருக்கிறது. காலை முழுக்க நிலனோடு இருக்கப்போவது யார் என்று ஒரு வரி இல்லை. இந்த வயசில் பள்ளி என்றால் அந்த ஆள்தான், அதிலும் டீச்சரைவிட ஆயாம்மா. மூக்கைத் துடைப்பது, நனைந்த டிரவுசரை மாற்றுவது, ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாமல் நெளிகிறவனைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவர் வேலை.

அதனால் அவர்கள் அழைக்கிற சனிக்கிழமை போகாதே. வேலை நாளில், ஸ்நாக்ஸ் நேரத்தில் போ. அழுகை, சிந்தல், டாய்லெட் மூன்றும் ஒன்றாக வருகிற நேரம் அது. தண்ணீரைக் கொட்டிய பிள்ளையிடம் ஆயாம்மா என்ன குரலில் பேசுகிறார் என்று கவனி. 'எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?' என்று அவரிடமே கேள். ஆட்கள் அடிக்கடி மாறினால் சம்பளம் சரியில்லை, இல்லாவிட்டால் வேலை தாங்கவில்லை. இரண்டும் கடைசியில் பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் என்றும் பார். முன்பருவக் குழந்தைகளுக்காக 2013-இல் வந்த தேசியக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒரு பெரியவர், மூன்றிலிருந்து ஆறுவரை 20 பேருக்கு ஒருவர் என்கிறது. 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, வெளியே விளையாட 30 சதுர மீட்டர். நிலனுக்கு இரண்டே முக்கால்தான், பத்துக்கு ஒன்று என்றே கேள். ஆபீசில் இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்குச் சொல்வார்கள். வகுப்புக்குள் நிற்பவர்களை நீயே எண்ணு.

கட்டடத்தில் சுவர்ச் சித்திரத்தை விட்டுவிட்டு சம்ப், செப்டிக் டேங்க் மூடிகளைப் பார். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்கேஜி குழந்தை பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். இரும்பு மூடி துருப்பிடித்திருந்தால் வேறு எதையும் கேட்காமல் திரும்பிவிடு. வகுப்பு தரைத்தளத்தில் இருக்கட்டும், வெளியேற இரண்டு வழி இருக்கட்டும். 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனதற்குக் குறுகிய படிக்கட்டும் ஒரு காரணம்.

இரண்டு பள்ளிகள் போர்டில் மாண்டிசோரி என்று போட்டிருக்கின்றன. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், எனவே சென்னையில் முறையாகப் படித்தவர்கள் கிடைப்பார்கள். டீச்சர் எங்கே, எத்தனை மாதம் பயின்றார் என்று கேள். அந்த முறைப்படி மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்க வேண்டும். இடையில் மணி அடித்துக் கலைக்காமல் இரண்டரை, மூன்று மணி நேரம் அவரவர் வேலையில் விட வேண்டும். 1 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. வரை பத்துக் கட்டைகள் கொண்ட, இளஞ்சிவப்புக் கோபுரம் என்கிற மாண்டிசோரி விளையாட்டுப் பொருள் பிள்ளைக்கு எட்டுகிற தட்டில் இருக்கிறதா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா பார். கண்ணாடி அலமாரிக்குள் புதிதாக மின்னினால் அது விருந்தாளிகளுக்கு.

ப்ரீ-கேஜியிலேயே நாலு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் கொடுக்கிற இடம் வேண்டவே வேண்டாம். விரலுக்கு வலு வருமுன் பென்சிலை அழுத்திப் பிடித்தால் தப்பான பிடியே பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. களிமண் பிசையட்டும், மணி கோர்க்கட்டும், காகிதம் கிழிக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் வருகிற வேலை, நாளைக்கு நிலனை மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் சேர்க்க நேரலாம். அங்கே ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும். இப்போது அவசரப்பட்டுச் சேர்த்தால் பின்னால் யுகேஜியை இரண்டு முறை படிக்க நேரலாம்.

சேர்த்தபின் முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும், மெல்லக் கூட்டு. அவன் பார்க்காதபோது நழுவி வராதே. 'ஸ்நாக்ஸ் சாப்பிட்டதும் அம்மா வருவேன்' என்று சொல்லிவிட்டு வா, சொன்னபடி போய் நில். இரண்டு மூன்று வாரம் அழுவது வழக்கம்தான். வீடு வரும்வரை சிறுநீரை அடக்கினாலோ, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒதுங்கினாலோ அன்றே போய் விசாரி. எலாஸ்டிக் டிரவுசர் மட்டும் போடு, ஜிப் வேண்டாம். பையில் மாற்றுத் துணி இரண்டு.

பட்டியலில் மூன்றாவது பள்ளி உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வேன் தேவைப்படாது. முதலில் அதைப் போய்ப் பார்.

அன்புடன்,
அம்மா