செயலாளர் ஆண்டறிக்கை: குடியிருப்போர் நலச் சங்கம், ஆண்டுப் பொதுக்குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, குடியரசு தினக் கொடியேற்றம், சுதந்திர தினக் கொடியேற்றம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகள் குறித்து மனு கொடுத்தோம், பெரும்பாலானவை சரியாகிவிட்டன. பூங்காவில் வைத்த வேப்பங்கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, நம் குடியிருப்பில் யாருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்த அபாயம் உண்டு என்று பார்க்கும் நோய் அபாயக் கணக்கெடுப்பு. "இது சங்கத்தின் வேலையா?" என்று கடந்த கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' (INDIAB) ஆய்வின்படி, நம் நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 15.3 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை, 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அது முகாம் போட்டு வந்தவர்களை எண்ணிய கணக்கு அல்ல. வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வீடுகளுக்கே போய் எடுத்தது. முகாமுக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர், அல்லது உடம்பில் அக்கறை உள்ளவர். அவர்களை வைத்துச் சதவீதம் போட்டால் அது வந்தவர்களின் கணக்குத்தான், குடியிருப்பின் கணக்கு ஆகாது. நாமும் அதனால்தான் வீடு வீடாகப் போனோம்.

பயன்படுத்தியது சென்னையிலேயே உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். நான்கே கேள்விகள், மொத்தம் 100. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் 10. ஆணுக்கு 100, பெண்ணுக்கு 90 ஆனால் 20. உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்தே வேலை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டி 60 வந்தால் அதிக அபாயம். உட்கார்ந்து வேலை பார்க்கும் 36 வயது ஆண், இடுப்பு 92, அம்மாவுக்குச் சர்க்கரை: 70 வந்துவிடும். இதில் வயதும் அம்மாவும் சேர்ந்த 30-ஐ மாற்ற முடியாது. மீதி 40 அவர் கையில் இருக்கிறது. இந்த மதிப்பெண் நோய் இருப்பதைச் சொல்லாது. யார் முதலில் வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும்.

முதல் சுற்றில் நாம் செய்த தவறுகளையும் பதிவு செய்கிறேன். பேண்ட் சைஸைக் கேட்டு எழுதியது தவறு. 34 போடுபவரின் தொப்பை பெல்ட்டுக்கு மேலே நிற்கிறது. டேப் வைத்தால் 90-ஐத் தாண்டுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப் தரைக்கு இணையாக, மூச்சை இயல்பாக வெளிவிட்ட முடிவில் அளக்க வேண்டும். துணி டேப் நாளடைவில் இழுபட்டு அளவைக் குறைத்துக் காட்டும். புடவைக் கொசுவத்தின் மேல் அளந்தால் சில சென்டிமீட்டர் கூடும். அதனால் பெண்களை உள்ளறையில் பெண் தன்னார்வலர்களே மறுபடி அளந்தார்கள்.

பிரஷர் பார்ப்பதிலும் அப்படித்தான். பேசிக்கொண்டே, காலைக் குறுக்கே போட்டு, கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஏற்றித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதினோம். பெரிய கஃப், அதாவது பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, வாங்கிய செலவைக் கேட்டவர்களுக்கு: பருத்த கையில் சிறிய கஃப் மாட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தேவையில்லாத மாத்திரையைவிட அந்தச் செலவு குறைவு.

இனி மன வருத்தம். வீட்டில் இருந்த முதியவர்களும் பெண்களும் மனமுவந்து ஒத்துழைத்தார்கள். 30 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆண்கள்தான் கிடைக்கவில்லை. மூன்று ஞாயிறு போயும் "தூங்குகிறார்", "வெளியே போயிருக்கிறார்" என்றே பதில். இந்தக் கணக்கே அவர்களுக்காகத்தான். 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவையும் தொடர்ந்து கவனித்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. தடுக்க முடிந்த அந்தக் காலம் பெரும்பாலும் நாற்பதுகளிலேயே கடந்துவிடுகிறது.

முதல் சுற்றில் நாம் அளந்தவர்களிலேயே பலர் இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர் இரண்டாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தார்கள். பிரஷரும் கொலஸ்ட்ராலும் புகையும் மாரடைப்புக்கு வழி என்பதை நிலைநாட்டியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருமுறை அளந்து விட்டால் அது புகைப்படம் மாதிரி, போக்கு தெரியாது. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: பதிவேட்டில் பெயர் இல்லை, எண் மட்டுமே. பெயர்ப் பட்டியல் தனி உறையில் பூட்டி இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் சில நன்கொடைகளும் வரவு. விழா, துப்புரவு, கருவிகள் செலவு. கையிருப்பு சிறிதளவு உண்டு. விவரம் பொருளாளரிடம் உள்ளது, பார்க்கலாம். சந்தா நிலுவை கணிசமானது. இரண்டாண்டாகக் கட்டாத வீடுகளும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் டப்பியைத் திறந்தால் குறித்த நாளுக்குள் தீர்க்க வேண்டும். ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஆள் வருவதும் பணம் வருவதும் உறுதியாகாமல் அதை வாங்க முடியாது.

இடம் கொடுத்த உறுப்பினருக்கும், கருவியைச் சரிபார்த்துத் தந்த மருத்துவருக்கும், தன்னார்வலர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பணியை ஒருவர் மட்டும் சுமக்க இயலாது. செயற்குழுவிலிருந்து இருவராவது ஞாயிறு காலையில் நின்றால்தான் மூன்றாம் சுற்றை அறிவிப்பேன். முடிவான பிறகு, காலை ஆறரை முதல் ஒன்பது வரை சங்க அறையில். முந்தைய இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், காபியும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, கையை மேலே சுருட்டக்கூடிய சட்டை போட்டு வாருங்கள். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்