டைட்டில் தொலைந்த கார்கள்: கலிஃபோர்னியாத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவில் தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, ஆண்டு விழா, புயல் நிவாரண நிதி என்று வேலை, குடும்பம் போக மிஞ்சும் நேரத்தையெல்லாம் ஊருக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் தலையில் இன்னொரு வேலையையும் ஏற்றத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் செய்ய உங்களை விட்டால் ஆளில்லை.

நம் குடும்பங்கள் பலவற்றிடம் ஓட்டாமல் நிற்கும் ஒரு பழைய கார் இருக்கிறது. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது, ஏதாவது தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற மனசும் இருக்கிறது. டைட்டில், அதாவது கார் யாருடையது என்று காட்டும் உரிமைப் பத்திரம், மட்டும் கையில் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாததால் கார் நின்ற இடத்திலேயே பாழாகிறது. இல்லையென்றால், வெறும் வாய்ப்பேச்சை நம்பி யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு சங்கத்திலும் இந்தக் காகித வேலை தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும், தேடி வருகிறவர்களுக்கு அவர்கள் உட்கார்ந்து உதவ வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

ஃப்ரீமாண்ட்டில் எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் காலமான பிறகு அவருடைய 2008 டொயோட்டா கேம்ரி அப்படியே நின்றது. நம்பர் பிளேட்டில் இருந்த ஸ்டிக்கர் காலாவதியாகிவிட்டது. ஒருநாள் வைப்பருக்கு அடியில் அபார்ட்மென்ட் ஆபீஸின் நோட்டீஸ்: காரை அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் டோ செய்துவிடுவோம், அதாவது இழுத்துக்கொண்டு போய்விடுவோம். அவர் கார் நன்கொடை வாங்கும் ஓர் எண்ணுக்கு போன் செய்தார். டைட்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும், கிடைத்த பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். எப்படிக் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்த பையன் ஒருவன், “சாவியைக் கொடுங்க ஆன்ட்டி, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றான். அவரும் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

அந்த வீட்டில் நானும் உட்கார்ந்து தேடினேன். கணவர் வைத்திருந்த பைலில் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லும் தேதி வாரியாக இருந்தது. பழைய இன்ஷூரன்ஸ் அட்டைகளெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. லோனைக் கட்டி முடித்ததற்கு பேங்க் அனுப்பிய கடிதமும் இருந்தது. டைட்டில் மட்டும் இல்லை.

அந்தக் கடிதத்திலேயே காரணமும் இருந்தது. கடிதம் வந்திருந்தது சன்னிவேலில் அவர்கள் முன்பு குடியிருந்த முகவரிக்கு. நம்மவர்களில் நிறையப் பேர் லோன் போட்டுத்தான் கார் வாங்குகிறோம். லோன் முடியும்வரை டைட்டில் பேங்கிடம், பெரும்பாலும் மின்னணுப் பதிவாகவே இருக்கும். கடைசித் தவணை கட்டி, பேங்க் தன் உரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் அது தாளாக அச்சாகி, பதிவில் உள்ள முகவரிக்குத் தபாலில் வரும். அதற்குள் நாம் இரண்டு வீடு மாறியிருப்போம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் டிஎம்விக்கு (மாநில வாகனப் பதிவுத் துறை)த் தெரிவிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியாச் சட்டம். லைசென்ஸுக்கு மாற்றிவிட்டு, வண்டிப் பதிவுக்கு மாற்ற மறந்தவர்கள் எத்தனையோ பேர். ஆக, தொலைத்துவிட்டேன் என்று நம் ஆட்கள் தங்களையே திட்டிக்கொள்ளும் பல டைட்டில்கள் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை.

தாள் போனாலும் உரிமை போகாது. வண்டி யாருடையது என்ற பதிவு டிஎம்வியிடம் இருக்கிறது. இங்கே அதற்கு ரெக் 227 என்ற படிவம். டைட்டில் தொலைந்தால் மாற்றுப் பிரதி கேட்கவும் அதுதான், தொலைந்த நிலையிலேயே உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் அதுதான். லோன் ஏதும் பதிவில் இல்லையென்றால் உரிமையாளரின் கையெழுத்து போதும். ஃபைனான்ஸ் கொடுத்தவர் பெயர் இன்னும் பதிவில் இருந்தால் அவருடைய கையெழுத்து வேண்டும், அதுவும் நோட்டரி முன்னால் போட்டதாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் திணறிப் போகிறார்கள். பணத்தைக் கட்டி முடித்து வருஷங்கள் ஆகியிருக்கும், ஆனால் பதிவில் பேங்க் பெயர் நீங்கியிருக்காது. அந்த பேங்க்கே வேறொன்றோடு இணைந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். இணைந்திருந்தால் புது பேங்க்கைத்தான் கேட்க வேண்டும். திவாலாகி, எஃப்டிஐசி என்ற மத்திய வைப்புக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்ற பேங்க் என்றால் எஃப்டிஐசிக்கே எழுதி விடுவிப்புக் கடிதம் வாங்கலாம். இந்த ஒரு தகவல் தெரியாமல் காரை அப்படியே போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் கூடவே ரெக் 5 வேண்டும். இறந்து 40 நாள் ஆகியிருக்க வேண்டும், மொத்தச் சொத்து சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும், கோர்ட்டில் ப்ரோபேட் (சொத்துப் பிரிப்பு வழக்கு) நடக்காமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் வாரிசு அந்த உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, இறப்புச் சான்றிதழையும் வைத்துக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை. நான் சொன்ன அந்த அம்மாவின் கார் இந்த வழியில்தான் போனது. டோ ட்ரக் வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது, “அவர் பேர்ல ஒரு நல்ல காரியம் ஆச்சு” என்றார். பேங்க் கடிதத்தை மட்டும் பைலில் திருப்பி வைத்துக்கொண்டார்.

இன்னொரு ரகம், ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள். வேலை போய் விசா முடிகிறது, அல்லது அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை; வீட்டைக் காலி செய்து விமானம் ஏறக் கொஞ்ச நாள்தான் இருக்கும். கார் நண்பன் வீட்டு வாசலில் நிற்கும். நண்பன் நன்கொடை கொடுக்கப் போனால் கையெழுத்து போட வேண்டியவர் கோயம்புத்தூரில் இருப்பார். கிளம்புவதற்கு முன்பே ரெக் 260 என்ற அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து போட்டு நண்பனிடம் கொடுத்திருந்தால் இந்தப் பாடு வராது. பதிவில் கணவன் மனைவி பெயர்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். “ஆர்” (அல்லது) என்றிருந்தால் ஒருவர் கையெழுத்து போதும். “ஆண்ட்” (மற்றும்) என்றோ சாய்கோடோ இருந்தால் இருவரும் போட வேண்டும்.

இப்போது, எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் ஒரு நல்ல குணம் உண்டு, ஆளை நம்பிவிடுவோம். தமிழ்ப் பள்ளி வாசலில் பார்த்த முகம், நம்ம ஊர்க்காரர், சங்க வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர் என்றால் போதும். “வண்டியை எடுத்துட்டுப் போங்க, பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம்.” இந்த “அப்புறம்” வருவதே இல்லை. டைட்டில் பிறகு கிடைத்தாலும், வாங்குபவர் பெயரை நிரப்பாமல் வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். அது அப்படியே இரண்டு மூன்று கை மாறுகிறது. டிஎம்வி பதிவில் இன்னும் நம் ஆளின் பெயர்தான். பே பிரிட்ஜைக் கடந்த டோல், ஓக்லாந்தில் எங்கோ நிறுத்திய பார்க்கிங் அபராதம், கைவிட்ட வண்டியை இழுத்துப்போன கட்டணம் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். அந்த வண்டி விபத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கான தற்காப்பு ரெக் 138. வண்டியைக் கொடுத்த ஐந்து நாளுக்குள் டிஎம்விக்குத் தெரிவிக்க வேண்டிய அறிவிப்பு அது. ஆன்லைனில் சில நிமிட வேலை, கட்டணம் கிடையாது. தொண்டு நிறுவனம் அனுப்பிவிடும் என்று இருந்துவிடக் கூடாது, கொடுத்தவரே அனுப்பி, உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். உங்கள் ஆண்டு விழா மேடையில் ஒரே ஒரு நிமிடம் தருவீர்கள் என்றால், நான் சொல்வது இதைத்தான்.

வரிச் சலுகை பற்றியும் நம்மவர்களிடம் தப்பான எண்ணம் உண்டு. பழைய கார் விலை சொல்லும் கெல்லி புளூ புக் 3,500 டாலர் என்கிறதே, அதை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது. 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 54 நன்கொடைக் கார்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிக் கணக்கில் காட்டிய மதிப்பில் ஐந்து சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் பிறகு வந்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம் 2005 முதல் விதியை மாற்றியது. 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமென்றால், தொண்டு நிறுவனம் விற்கும்போது ஏலத்தில் கார் போன விலைதான் பொதுவான வரம்பு. 1,200-க்குப் போனால் 1,200தான். தொண்டு நிறுவனமே காரை ஓட்டிப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுது பார்த்தாலோ, ஏழைக் குடும்பத்துக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்தாலோதான் சந்தை மதிப்பு. 1098-சி என்ற படிவம் அவர்களிடமிருந்து வர வேண்டும். விற்ற 30 நாளுக்குள் தர வேண்டியது அவர்கள் கடமை. அதுவும் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கு மட்டும். நிலையான கழிவு எடுக்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு பைசா வரி மிச்சம் இல்லை. இது தெரிந்த பிறகும் கொடுக்கிறேன் என்கிறவர்கள்தான் பெரும்பாலும். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சில சங்கங்கள், நாமே காரை வாங்கிக் கஷ்டப்படும் குடும்பத்துக்குக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி நேரடியாகக் கை மாறும்போது, மிகப் புதிய வண்டிகளையும் 1975-க்கும் அதற்கு முந்தைய மாடல்களையும் தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் (புகைச் சோதனை) சான்று வேண்டும். அது கொடுப்பவர் பொறுப்பு. 2011 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால் 20 வருஷம்வரை ஓடோமீட்டர் அளவையும் (எத்தனை மைல் ஓடியது என்பதை) எழுத்தில் தர வேண்டும். டைட்டில் இல்லாத வண்டியில் இதையெல்லாம் சங்கம் சுமக்க வேண்டாம். கேக்யூஇடி பொது வானொலி போல, முறையாகக் கார் நன்கொடை வாங்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்களிடம் அனுப்பிவிடலாம். 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு நிறுவன அந்தஸ்து உண்மையா என்று ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) தளத்தில் தேடிப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. தமிழ்ப் பள்ளி நடக்கும் வளாகத்தில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பெற்றோர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேசை போடுங்கள். மாதம் ஒரு முறை போதும். ரெக் 227, 5, 260 இவற்றின் பிரதிகள் கொஞ்சம், நீல மையிலோ கறுப்பு மையிலோ எழுதும் பேனா, பொறுமையாகக் கேட்கும் இரண்டு பேர். டைட்டில் தாளில் அடித்தல் திருத்தல் கூடாது, ஒயிட்னர் பூசினால் டிஎம்வி விளக்கம் எழுதிக் கேட்கும் என்பதை எழுத உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் படிவத்தைக் கண்டு மலைக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லி நிரப்ப வைக்க வேண்டும். கையெழுத்தை மட்டும் அவர்களே போடட்டும், அவர்களுக்காக யாரும் போட வேண்டாம்.

ஃப்ரீமாண்ட் பக்கம் முதல் மேசைக்கு நான் வருகிறேன். வருகிறவர்கள் வண்டியின் பதிவுச் சீட்டு, வண்டி எண், அதோடு முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும், எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட விஐஎன் என்ற வாகன அடையாள எண், லோன் கட்டி முடித்ததற்கு ஏதாவது கடிதம் இருந்தால் அது, டிரைவிங் லைசென்ஸ் இவற்றை எடுத்து வரச் சொல்லி உங்கள் அடுத்த அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்