உட்சிராவை அந்தத் தீவுக்காரர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், நார்வேயிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை உள்ள உள்ளாட்சி என்று ஒரு தீவைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். தீவின் பெயரை ‘உட்சையர்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது உட்சிரா. ஓர் எழுத்துக்காக இவ்வளவு நீளமான கடிதமா என்று நினைக்க வேண்டாம். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன பாடு படவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் இருக்கிறேன். இருபது வருடம் வலை இழுத்தேன், இப்போது மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் தெலுங்கு. நாங்கள் பழவேற்காடு என்கிற இதே ஏரியைத் தெலுங்குக்காரர்கள் பிரளய காவேரி என்கிறார்கள், இங்கிலீஷ் மேப்பில் புலிகாட். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் வேறு ஒரு விதமாக எழுதினார்கள். ஏரிக்கு எத்தனை பெயர் இருந்தாலும் ஏரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் குப்பத்தின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது, தெலுங்கில் அந்த எழுத்து கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி ஏறிவிட்டது. இதைக் காரணம் காட்டி என் அம்மாவின் முதியோர் உதவித்தொகையை ஏழு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எழுபத்திரண்டு வயதுக் கிழவி, தான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊர் இதுதான் என்று நிரூபிக்க நாலு தடவை பஸ் ஏறினாள்.

சரி, உட்சிராவுக்கு வருகிறேன். எனக்கு அந்தப் பெயரைச் சொன்னது என் தம்பி. அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறான், வட கடலில் நாலு வருடம் ஓடினான். அங்கே பிரிட்டிஷ் ரேடியோவில் கப்பல்களுக்கு வானிலை சொல்லும்போது கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயர் சொல்லி வாசிப்பார்களாம். அதில் 1984இல் இரண்டு பகுதிகளைச் சேர்த்தார்கள், வடக்கு உட்சிரே, தெற்கு உட்சிரே என்று. அந்தத் தீவை அடையாளமாக வைத்துத்தான் இரண்டுக்கும் பெயர். தீவின் பெயரை முன்பு உட்சிரே என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழைய எழுத்து ரேடியோவில் அப்படியே தங்கிவிட்டது, அந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே படித்தால் உட்சையர் ஆகிவிடும். தீவில் இருக்கிறவர்கள் எழுதுவதும் சொல்வதும் உட்சிராதான். உங்கள் நாலு வரியும் அந்த ரேடியோ வழியாக வந்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெயருக்கு அர்த்தம் கேட்டபோதுதான் எனக்கு மனசு நின்றுபோனது. பழைய நார்ஸ் மொழியில் அந்தத் தீவு வெறும் சிரா. அநேகமாக ‘பலத்த நீரோட்டம்’ என்பதிலிருந்து வந்திருக்கும் என்று பெயராய்வு செய்கிறவர்கள் சொல்கிறார்கள். முன்னால் இருக்கிற ‘உட்’ பிறகு ஒட்டியது, வெளியே என்று பொருள். வெளியே கடலில் இருக்கிற சிரா. பாருங்கள், அந்தப் பெயரை வைத்தவன் நிச்சயம் படகில் இருந்தவன்தான். கரையில் நின்று பார்க்கிறவனுக்குத் தீவில் பாறை தெரியும், புல் தெரியும், நீரோட்டம் தெரியாது. துடுப்பு போட்டவன் தோளுக்குத்தான் அது தெரியும். எங்கள் பக்கத்தில் ஓட்டம் தெற்கேயிருந்து வந்தால் தெண்டி, வடக்கேயிருந்து வந்தால் வண்ணி. முகத்துவாரத்தில் படகை விடுவதற்கு முன்னால் பெரியவர்கள் முதலில் கேட்பது இன்றைக்குத் தெண்டியா வண்ணியா என்றுதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டுத்தான் அந்தத் தீவுக்குப் பெயர் வைத்திருக்கிறான் என்று நான் நம்புகிறேன்.

தீவு பெரிசெல்லாம் இல்லை. நார்வேயின் மேற்குக் கரையில் ரோகலாந்து மாகாணத்தில், ஹௌகசுண்ட் என்கிற துறைமுக ஊருக்கு மேற்கே கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர், ஆட்கள் ஏறத்தாழ 200 பேர். வடக்கே பாறை மேடு, தெற்கே பாறை மேடு, நடுவில் தாழ்ந்த நிலம், வீடு வாசல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். வடக்கே ஒரு துறை, தெற்கே ஒரு துறை. தம்பி ஒரு லீவு நாளில் ஹௌகசுண்டிலிருந்து படகு ஏறிப் போனான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மறைவான துறையில் கொண்டுபோய்க் கட்டுகிறார்களாம். இது எனக்குப் புதிசாகவே படவில்லை. வாடைக்காற்று அடிக்கும்போது நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

மேட்டில் 1844இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அப்போது இரட்டைக் கோபுரமாகக் கட்டினார்கள், தூரத்திலிருந்து வருகிற கப்பலுக்கு இரண்டு வெளிச்சம் தெரிந்தால் அது உட்சிரா என்று புரியட்டும் என்று. இப்போது ஒன்று மட்டும்தான் எரிகிறது. அப்புறம் பறவைகள். எங்கள் ஏரியில் பூநாரையும் கூழைக்கடாவும் இறங்குகிற மாதிரி, வலசை போகிற பறவைகளுக்கு அந்தத் தீவு இளைப்பாறும் இடம், இதுவரை 300க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2004இல் காற்றாடி மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து, காற்று நின்றபோது பத்து வீடுகளுக்கு அதிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்த்ததும் அங்கேதான்.

இதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் ‘200 பேருக்கு ஒரு நகராட்சியா’ என்று ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம். நார்வேயில் 1838 முதல் உள்ளூர் ஆட்சி நடக்கிறது. அவர்கள் கொம்யூன் என்பது நம் பஞ்சாயத்து மாதிரி, ஆனால் தொடக்கப் பள்ளி, முதியோர் பராமரிப்பு எல்லாம் அதன் பொறுப்பு. உட்சிரா முதலில் கார்மோய் தீவில் இருந்த தோர்வஸ்தாத் கொம்யூனோடு இருந்தது. 1924இல் தனியாகப் பிரிந்தது. அடுத்த வருடம் நடந்த தேர்தலில் 12 இடத்தில் 11 இடம் பெண்களுக்குப் போனது, 1926இல் தலைவராக வந்தவர் ஓசா ஹெல்கசென், தீவில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. நார்வே முழுவதிலும் முதல் பெண் மேயர் அவர்தான். பெண்களுக்கு எல்லாத் தேர்தலிலும் சமமாக ஓட்டு வந்து அப்போது 12 வருடம்தான் ஆகியிருந்தது. பெரிய பட்டணத்தில் நடக்காத காரியம் கடலுக்கு நடுவில் ஒரு பாறைத் திட்டில் நடந்தது. ஊர் சின்னதாக இருந்ததால்தான் நடந்தது என்பது என் கட்சி. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை என்பதெல்லாம் தெரிந்த ஒருத்தியை ஊர் நம்பியது.

அதைப் படித்தபோது எங்கள் ஏரியில் இறால் தடவுகிற பெண்கள்தான் கண்முன் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் இரண்டு கையாலும் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பரி என்கிற ஓலைக் கூடைக்குள் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பரி வாயில், அதனால் பேச முடியாது. ஏரி எந்த வருஷம் எவ்வளவு மேடு தட்டியிருக்கிறது என்பது அந்தக் கைகளுக்குத் தெரிகிற அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஆனால் முகத்துவாரம் தூர்வாருவது பற்றிக் கூட்டம் போட்டால் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஆண்களாகிய எங்களுக்காவது ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது, எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று ஊரே உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். அந்தப் பேச்சிலும் அவர்கள் இல்லை, இது எங்கள் தப்பு, மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1965இல் தோர்வஸ்தாத்தைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கார்மோய் என்று ஒரே கொம்யூனாக்கிவிட்டார்கள். தாய்க் கொம்யூன் வரைபடத்தில் இல்லை, அதிலிருந்து பிரிந்துபோன பிள்ளை இருக்கிறது. 2020இல் நாடு முழுக்க இணைப்பு நடந்து 422 கொம்யூன் 356 ஆனபோதும் உட்சிரா தனியாகவே நின்றது. இணைத்ததைப் பிரிக்கவும் செய்திருக்கிறார்கள், ஆலெசுண்டோடு சேர்த்த ஹாராம் 2024இல் மறுபடி தனியாகிவிட்டது. கோடு போடுவதும் அழிப்பதும் எங்களுக்குப் புதிசில்லை, 1960இல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனபோது பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கு வந்தன. கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் பரவாயில்லை, பிழைத்துக்கொள்வோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததால் ஊர்ப்பெயரை விட்டுவிடச் சொன்னால்தான் முடியாது.

நாங்கள் கேட்பது இரண்டே விஷயம். தண்ணீருக்கு அக்கரையில் இருக்கிற பஞ்சாயத்தோடு எங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள், எங்கள் குப்பத்துக்குத் தனிப் பஞ்சாயத்து வேண்டும், ஆள் குறைவு என்று தள்ளக்கூடாது. இரண்டாவது, பெயர்ப் பலகையில் தெலுங்குக்குக் கீழே தமிழிலும் ஊர்ப்பெயரை ழகரத்தோடு எழுதவேண்டும், எல்லாச் சான்றிதழிலும் ஒரே எழுத்தாக இருக்கவேண்டும். இதை மனுவாக எழுதி நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்துக் கொடுத்திருக்கிறோம். முதல் ரேகை என் அம்மாவுடையது.

உங்கள் பத்திரிகை சென்னை பதிப்பு முதல் பஸ்ஸில் தடாவுக்கு வந்து, அங்கிருந்து பத்து மணிக்கு எங்கள் டீக்கடைக்கு வரும். வருகிற ஞாயிறு திருத்தம் போட்டால் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்புவேன். உட்சிரா, ‘ரா’வில் முடியும்.

இப்படிக்கு,
ஏரிக்கரை வாசகன்,
தடா மண்டலம், திருப்பதி மாவட்டம்