படி அளந்தவரின் கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கண்மாயில் இந்த வருஷம் பாதித் தண்ணீர்தான். நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய படங்களை இரண்டு பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பிரிட்டிஷ் மியூசியத்து எகிப்துக் கூடத்தில் நீ நிற்கிற படத்தில் உன் முகம் வாடிப் போயிருந்ததாக அம்மா சொல்கிறாள். குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்.

படத்தோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். "எங்கே திரும்பினாலும் பிணமும் பெட்டியுமாக இருக்கிறதே அப்பா, இந்த ஜனங்களுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி ஒன்றுமே இல்லையா?" அன்றைக்குப் போனில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு இந்தப் பழைய எகிப்தைப் பற்றி நான் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியது எகிப்தோடு முடியாது, நம் வீட்டுக்கும் வந்து சேரும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்கள் கல்லறையைக் கல்லால் கட்டினார்கள், வீட்டைப் பச்சை மண் செங்கலால் கட்டினார்கள். கல்லறை இருந்தது பாலைவன ஓரத்தில். வீடு இருந்தது நைல் வெள்ளம் வந்து போகிற வயல்வெளிப் பக்கம். வீடுகள் கரைந்தன. கரையாமல் மேடாக நின்றதையும் பின்னால் வந்த விவசாயிகள் வெட்டி எடுத்து வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டார்கள். கடைசியில் சாவு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் குடும்பம் நடத்திய சங்கதியெல்லாம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளிலும் உடைந்த கல் சில்லுகளிலும் எழுத்தாகக் கிடக்கிறது.

அப்படிக் கிடைத்ததில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு தகப்பனின் கடிதம். அவர் பெயர் ஹெக்காநக்த். 12ஆம் அரச மரபின் தொடக்க காலம், அதாவது சுமார் 3,950 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். அரசரோ அமைச்சரோ இல்லை. இறந்துபோன அமைச்சர் ஒருவருக்குப் படையல் வைக்கும் பூசாரி, கொஞ்சம் நிலபுலன் வைத்திருந்த சம்சாரி. ஒரு சமயம் வெளியூரில் தங்கியிருந்தபோது வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களையும் கணக்குகளையும், 1921–22இல் ஹெர்பர்ட் வின்லாக் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் லக்சருக்கு எதிர்க்கரையில் தேர் எல் பஹ்ரியில், ஒரு கல்லறையின் நிரப்பு மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார். அதில் ஒரு கடிதம் மடித்துக் கட்டி முத்திரை வைத்தது வைத்தபடியே இருந்தது. போய்ச் சேரவே இல்லை.

வீட்டுப் பொறுப்பில் இருந்த மெரிசுவுக்கு அவர் எழுதுகிறார். வெள்ளம் பாய்ந்த நிலத்தை எல்லாம் உழு, விதைப் பார்லியைப் பத்திரமாக வை, குறைந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்கிறார். குத்தகைக்கு நிலம் பிடிக்க ஆள் அனுப்பு, குத்தகைக்கு ஈடாக வீட்டில் நெய்கிற துணியைக் கொடு என்கிறார். வீட்டு ஆளான சிஹத்தோரிடம் பழைய காய்ந்த பார்லியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் அங்கே புதுப் பார்லி தின்கிறீர்களா என்று கோபப்படுகிறார். பிறகு பஞ்சம் வருகிறது. நைல் சரியாக ஏறவில்லை. அப்போது ஒரு கடிதத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் எத்தனை அளவு தானியம் என்று பெயர் போட்டுப் பட்டியல் எழுதுகிறார். வெள்ளம் எவ்வளவோ அவ்வளவுதான் நம் படி, இங்கே மனிதரை மனிதர் தின்னத் தொடங்கிவிட்டார்கள், முழுச் சாவைவிட அரை வயிறு மேல் என்கிறார். இந்த அளவு போதாது என்கிறவர்கள் என்னிடம் வந்து நான் வாழ்கிற மாதிரி வாழட்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பட்டியலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிப் புத்தகத்தில் எகிப்தியச் சமூகம் என்று ஒரு முக்கோணம் போட்டிருப்பார்கள், உனக்கு நினைவிருக்கும். உச்சியில் பாரோ, அப்புறம் அமைச்சர், பூசாரி, எழுத்தர், கைவினைஞர், அடியில் உழவர். அதில் தப்பில்லை. ஆனால் அந்த முக்கோணம் ஒரு வீட்டுக்குள்ளும் எப்படி நின்றது என்று இந்தப் பட்டியல் காட்டுகிறது. தாயார் இப்பிக்கும் அவருடைய பணிப்பெண்ணுக்கும் சேர்த்துப் பெரிய அளவு. மெரிசுவுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் அதே அளவு. அடுத்த வரிசைப் பிள்ளைகளுக்குப் பாதி. கடைசியில் இருக்கிற பெண்ணுக்குக் கால் பங்கு. அந்தப் பணிப்பெண்ணுக்குப் பெயர் எழுதவில்லை, பார்த்தாயா? படியில் பங்கு உண்டு, பட்டியலில் பெயர் இல்லை.

இன்னொரு பணிப்பெண்ணின் பெயர் தெரியும், செனென். ஹெக்காநக்த் இரண்டாவதாகக் கொண்டுவந்த மனைவி இயுதென்ஹெப்பை வீட்டில் யாரும் மதிக்கவில்லை. செனென் அவளைப் படுத்தியிருக்கிறாள் போலிருக்கிறது. சிஹத்தோர் வந்து சேர்கிற அன்றைக்கே செனெனை வீட்டை விட்டுத் துரத்து என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இந்த இடத்தில் எனக்கு அவர் பக்கம் பேச மனம் வரவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகள் செய்த தப்புக்கும் சேர்த்து அவள் வாசலுக்குப் போனாள். அதன் பிறகு அவளுக்கு யார் படி அளந்தார்கள்?

சின்னப் பையன் ஸ்னெஃப்ருவின் பேச்சு வந்ததும் மட்டும் குரலே மாறிவிடுகிறது. அவன் கேட்டதைக் கொடு, மாடு மேய்க்க ஆசைப்பட்டால் மேய்க்கட்டும், நான் கேட்டதாக அவனிடம் ஆயிரம் தடவை, பத்து லட்சம் தடவை சொல் என்கிறார்.

கண்ணு, நான் மஸ்கட்டில் ஒரு குடோனில் கணக்கு எழுதிய 13 வருஷமும் நம் வீட்டுக்கு வந்த கடிதங்கள் எப்படி இருந்தன என்று அம்மாவிடம் கேள். அப்பத்தாவுக்கு மாதம் இவ்வளவு, சித்தப்பா பரீட்சைக்கு இவ்வளவு, உர மூட்டைக்கு இவ்வளவு, பம்புசெட் கயிறு அறுந்ததற்கு யார் பொறுப்பு என்று வரிக்கு வரி கேள்வி. கடைசியில் இடம் இருந்தால் "பாப்பாவுக்கு முத்தம்". நீ என்ன வகுப்பு என்றுகூட ஒரு கடிதத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன். அம்மா அந்தக் கட்டைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். போன மாதம் எடுத்துப் படித்தேன். ஹெக்காநக்தின் கடிதம் மாதிரியே இருந்தது. அவரைக் கஞ்சன், சிடுமூஞ்சி என்று எழுதியவர்கள் உண்டு. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. தூரத்தில் இருக்கிறவன் கையில் அளவுகோல் ஒன்றுதான் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டார்களா என்ற ஒரே கேள்வியை அவன் மரக்கால் கணக்காகக் கேட்கிறான். நானும் அதைத்தான் கேட்டேன். நீ அன்றைக்கு அதைப் படிக்கிற வயதில் இல்லை, இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

வீடு என்பதை அவர்கள் எப்படி நினைத்தார்கள் என்பதற்கு லாஹுன் என்ற எகிப்திய ஊரில் கிடைத்த குடிக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஹோரி என்ற சிப்பாயின் வீடு. முதல் கணக்கில் அவன், மனைவி ஷெப்செத், கைக்குழந்தை. அடுத்த கணக்கில் அவனுடைய தாயும் சகோதரிகளும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதற்கடுத்ததில் ஹோரி இல்லை, அந்தக் குழந்தையே வீட்டுக்குத் தலைவன். அம்மாவும் அப்பத்தாவும் அத்தைமாரும் அவன் பொறுப்பில். மூன்று தாளில் ஒரு குடும்பம் விரிந்து சுருங்கி நிற்கிறது. என் அப்பா போனபோது எனக்கு 17 வயது. அந்த மூன்றாவது தாளை நான் சும்மா கடந்து போக முடியவில்லை.

அத்தை, அப்பத்தா என்று நான் எழுதுவது நம் முறை. அவர்களுக்கு அத்தனை சொல் கிடையாது. 'சென்' என்றால் உடன்பிறந்தவன். மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட தம்பி, மருமகன் யாரையும் அந்தச் சொல்லால் குறிக்கலாம். பெண்ணுக்குச் 'செனெத்'. காதலனும் காதலியும்கூட அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைப் படித்துவிட்டு எகிப்தில் எல்லாரும் அண்ணன் தங்கையை மணந்தார்கள் என்று சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். பாரோக்களின் காலத்தில் அது பெரும்பாலும் அரச குடும்பத்து வழக்கம். கல்யாணத்துக்கு அவர்கள் சொன்ன சொல் 'வீடு அமைப்பது'. நாம் குடித்தனம் வைப்பது என்கிறோமே, அதேதான். மனைவிக்குப் பட்டம் 'நெபெத் பெர்', இல்லத்தரசி. அந்தச் சொல்லுக்கு எடையும் இருந்தது. பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம், மணத்தை முறித்துக்கொண்டு போகலாம், சேர்ந்து சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு.

அந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்தாள் என்று பார்க்க நீ ஆக்ஸ்ஃபோர்டு வரை போக வேண்டும். ரயிலில் ஒரு மணி நேரம் என்றாய். அங்கே ஆஷ்மோலியன் மியூசியத்தில் நவுநக்தேயின் உயில் இருக்கிறது. அவள் தேர் எல் மதீனாக்காரி. அரசர்களுக்குப் பாறைக் கல்லறை குடைந்த தொழிலாளர்களின் ஊர் அது, மதிலுக்குள் 70 வீடு அளவுக்கு. சம்பளம் தானியம்தான். தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூட்டை, மேஸ்திரிக்கு ஏழரை. மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில் படி வராமல் போனதும் அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று சொன்னதை எழுத்தர் எழுதி வைத்திருக்கிறார். எழுத்தில் உள்ள முதல் வேலைநிறுத்தம் அதுதான்.

நவுநக்தே கி.மு. 1145 வாக்கில் அந்த ஊர் மன்றத்தின் முன்னால் நின்று பேசினாள். நான் பாரோவின் நாட்டுச் சுதந்திரமான பெண், எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிக் குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் கொடுத்தேன், இப்போது கிழவியாகிவிட்டேன், அவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்றாள். என் கையில் கை வைத்தவர்களுக்கு என் பொருள், வைக்காதவர்களுக்கு இல்லை என்றாள். அப்பாவின் பங்கில் எல்லாருக்கும் உரிமை இருந்தது, அதை அவள் தொடவில்லை. தன் பங்கை மட்டும் பிரித்தாள். ஒரு மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கை கழுவும் கிண்ணம் கொடுத்தாள்.

இதை உனக்குக் குத்திக்காட்ட எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ வாரம் தவறாமல் பேசுகிறாய், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கிழவி கூட்டத்துக்கு நடுவில் நின்று தன் வாயால் கணக்குச் சொன்னாளே, அந்தத் தைரியத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான்.

நீ அன்றைக்கு நின்ற கட்டடத்திலேயே அதே ஊரின் சுண்ணாம்புக் கல் பலகை ஒன்று இருக்கிறது. இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு. 40 ஆட்களின் பெயர், வராத நாள், மேலே சிவப்பு மையில் காரணம். தேள் கொட்டியது. கண் வலி. பீர் காய்ச்சினான். மனைவி அல்லது மகள் வீட்டு விலக்கு. தாயின் உடலைப் பதம் செய்யப் போனான். நான் குடோனில் எழுதிய ரிஜிஸ்டரும் இப்படித்தான் இருக்கும், காரணம் எழுதும் கட்டம் மட்டும் கிடையாது. அப்பத்தா போன அன்றைக்கு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. என் பெயருக்கு நேரே வருகை என்றுதான் இருக்கும். அடுத்த தடவை போகும்போது அந்தக் கல்லைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பு. சிவப்பு எழுத்து தெரிகிற மாதிரி எடு.

கடைசி வருஷம் அப்பத்தா கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போனது நீதான், உனக்கு அப்போது ஒன்பது வயது. தன் வெண்கல உருளியை உனக்கென்று அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனார். இத்தனை நாள் பரணில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நம் தெருப் பையன் லண்டன் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாலு கிலோ இருக்கும். அடுப்பில் வைக்கிற முன்னால் ஒரு நாள் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வை.

அன்புடன்,
அப்பா